இப்போதைக்கு ஒரு ராட்செட்

தப்பு அவள் மேல்தான். துருவேறிய போல்ட் அசையவில்லை என்று ராட்செட்டின் கைப்பிடியில் நீளமான குழாய் ஒன்றைச் செருகி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு அழுத்தினாள். உள்ளே ஏதோ டக்கென்றது. அவ்வளவுதான். ஒரு பக்கம் தள்ளினால் போல்ட்டைப் பிடித்துத் திருப்பவும், மறுபக்கம் இழுத்தால் கிர்ரென்று சும்மா வழுக்கி வரவும் வேண்டிய சாமான், இப்போது இரண்டு பக்கமும் சும்மாவே சுற்றியது. போல்ட் மட்டும் இருந்த இடத்தில் குத்துக்கல்லாக இருந்தது.

பம்பு அறையின் ஈரத் தரையில் உட்கார்ந்து அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே உடைந்த பல் ஒன்று சோழிபோல உருண்டது. அழுகை வரும்போல் இருந்தது. மேலே எட்டு மாடி ஜனமும் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது அழ எங்கே நேரம்? சாதாரண ஸ்பேனரை எடுத்து, அரை அரைச் சுற்றாக, மத்தியானம்வரை மல்லுக்கட்டி அந்தப் பம்பைப் பிரித்தாள்.

அந்தப் பகுதி அடுக்குமாடிக் கட்டடங்களில் அவளை ‘மோட்டார் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் அவள் புருஷன் ‘மோட்டார் அண்ணன்’. அவர் குளியலறையில் விழுந்து வலது பக்கம் முழுக்க விளங்காமல் போகிறவரை, அவள் சட்டைக் கம்பெனி ஒன்றில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகும் போன் ஓயவில்லை. “அண்ணன் இல்லைன்னா வேற யாரையாவது அனுப்புங்கக்கா, குடிக்கக்கூடத் தண்ணி இல்லை” என்று ஒரு காவலாளி கெஞ்சினான். ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அவளே அவருடைய சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். இத்தனை வருஷம் அவர் சாப்பிடும்போது பம்பைப் பற்றித்தானே பேசினார். பாதி காதில் விழுந்திருக்காதா என்ற தைரியம்.

தெரியாததைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவருக்கு வாய் குழறும். புத்தி கத்தி மாதிரி இருந்தது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் இடது கை விரலை ஒரு போல்ட்டின் மேல் வைப்பார். அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இப்படியே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, காலர் தைத்த கை கிரீஸ் பூசிக்கொண்டது.

அந்த ராட்செட் அவருடைய செல்லம். வண்டியை இரவல் கேட்டால் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். ராட்செட்டைக் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. அதை வைத்து இறுகிய போல்ட்டை உடைக்கக் கூடாது, முதலில் நீளமான முரட்டுக் கம்பியால் தளர்த்திவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்று அவளிடமே பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அதனால்தான் அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னாள். ராட்செட்டைப் பழைய துணியில் சுற்றி, திருட்டுப் பொருள்போலச் சமையலறைப் பரணில் ஒளித்துவைத்தாள். 

உடைந்ததை அவள் சொன்னது நாத்தனாரிடம் மட்டும்தான். புருஷனின் ஒரே தங்கை. விடுமுறை நாளில் வந்து அண்ணனின் விளங்காத காலை மடியில் போட்டுத் தைலம் தேய்த்துவிடுவாள். அப்போது அவள் பேசுவதெல்லாம் ஒன்றுதான். “போன வாரத்தைவிட இப்ப கால் எவ்வளவோ தேவலை அண்ணி. கட்டை விரல் அசையுது பாருங்க.” இவளும் பார்ப்பாள். விரல் அசைந்ததாகவும் இருக்கும், அசையாததாகவும் இருக்கும்.

சமையலறையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. அவர் உசிரையே அதுலதான் வெச்சிருந்தார்.”

“வேற வாங்கணும். அது இல்லாம வேலை ஓடாது.”

“விலையுள்ளதா எதுக்கு அண்ணி? ஏதோ ஒண்ணு மலிவா வாங்கி இப்போதைக்கு ஓட்டுங்க. அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பிச்சா அவருக்குப் பிடிச்சதை அவரே பார்த்து வாங்கிக்கப் போறார்.”

இந்தக் கடைசி வார்த்தையைக் கட்டிலில் இருப்பவர் காதில் விழட்டும் என்றே சற்று உரக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் புருஷனுக்கு நெடுநாள் பழக்கம். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே கடையெல்லாம் தேடுகிற பேர்வழி. கேட்டதும் இரண்டை எடுத்துக் கல்லாமேசைமேல் வைத்தார்.

மலிவானது புதுப் பாத்திரம்போல மின்னியது. விலையுள்ளதற்கு அத்தனை பளபளப்பு இல்லை. கையில் எடுத்தால் மட்டும் தன் எடையைச் சரியாகப் பங்குபோட்டு உட்கார்ந்துகொண்டது. புருஷன் சோதிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதைப்போலவே மலிவானதின் தலையில், போல்ட்டைக் கவ்வுகிற சாக்கெட்டை மாட்டி, சாக்கெட்டை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் இழுத்தாள். நல்ல ராட்செட் என்றால் சாக்கெட் நின்ற இடத்தில் நிற்கும். இதில் கைப்பிடியோடு அதுவும் கூடவே திரும்பி வந்தது. பல் ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக இருந்ததால் அடுத்த பல்லில் விழக் கையை நிறைய வீச வேண்டியிருந்தது. கடகடவென்று மாட்டுவண்டிச் சத்தம். திசை மாற்றுகிற சின்ன நெம்புகோல் ஆடும் பல்போல ஆடியது.

அடுத்ததை எடுத்தாள். கையைக் கொஞ்சம் அசைத்தாலே அடுத்த பல்லில் மெல்ல உட்கார்ந்தது. பூச்சி கத்துகிற அளவுக்குத்தான் சத்தம். சுவரை ஒட்டி வைத்த பம்புகளுக்குப் பின்னால் கையை வீசவா இடம் இருக்கிறது? இதுதான் சரி என்று விரலுக்கே தெரிந்தது.

“மலிவுன்னு ஒரேயடியா ஒதுக்கிடவும் முடியாதும்மா” என்றார் கடைக்காரர். “லேசான வேலைக்கு இது தாராளமாப் போதும். எப்பவாவது ஒரு நாள் எடுக்கிறவங்க இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க, யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கலை. தினம் எடுத்தா மட்டும் பல் மழுங்கிப்போகும். இறுக்கிப் பிடிக்கிற நேரத்துல வழுக்கும்.”

“அப்ப எதை வாங்கட்டும்?”

“அது உங்க கையிலதான் இருக்கு. எத்தனை நாளைக்கு வேணும்னு சொல்லுங்க, எது லாபம்னு நான் சொல்றேன்.”

அவர் வியாபாரப் பேச்சாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. பணம் கைப்பையில் இருந்தது. நல்லதை வாங்குகிற அளவுக்கே எடுத்து வந்திருந்தாள். ஆனால் எத்தனை நாளைக்கு? நல்லதை வாங்கினால், இனி இதுதான் என் பிழைப்பு, அவர் எழுந்துவரப் போவதில்லை என்று தன் வாயால் சொன்னதுபோல் ஆகிவிடாதா? அவள் நிற்பதைப் பார்த்து, பின்னால் பெயின்ட் வாங்க வந்தவர் ஒருமுறை கனைத்தார்.

“இதையே கொடுங்க” என்று மலிவானதை நகர்த்தினாள். “இப்போதைக்குத்தானே. அவர் எழுந்து வந்தா அவரே வந்து நல்லதா வாங்கிக்குவார்.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வரட்டும், வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அந்த ராட்செட்டைக் குறை சொல்லவும் கூடாது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் உழைத்தது. மொட்டைமாடி மோட்டாரின் மூடியைக் கழற்றுவது, ஜெனரேட்டரில் ஆயில் மாற்றுவது, கை வீச இடமிருக்கிற வேலைகள் எல்லாவற்றிலும் முகம் சுளிக்காமல் சுற்றியது. பரவாயில்லையே, நாத்தனார் சொன்னதும் சரிதான் என்றுகூட அவளுக்குப் பட்டது. ஒன்று மட்டும் உறுத்தியது. அதைப் பெட்டியில் போடும்போதெல்லாம் இரவல் சாமானைப் போடுகிற மாதிரியே இருந்தது. வேலையையும் அப்படியே செய்தாள். ‘அவர் வந்து சரியாகப் பார்த்துக்கொள்வார்’ என்று சிலவற்றை அரைகுறையாக விட்டாள். தேய ஆரம்பித்த ஒரு பேரிங்கை மாற்றாமல் மசகு மட்டும் வைத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பேரிங்தான் ஒரு நாள் கத்தோ கத்தென்று கத்தி நின்றது. பம்பு நின்ற இடம் மூலை. சுவருக்கும் அதற்கும் நடுவில் கை நுழைவதே பெரும்பாடு. பக்கவாட்டில் படுத்து, தோள்பட்டையைத் தரையில் அழுத்தி, ராட்செட்டை மாட்டி இழுத்தாள். முரட்டுக் கம்பியை வைக்க அங்கே இடமில்லை. போல்ட் இதோ வந்துவிட்டது என்கிற நேரத்தில் பல் வழுக்கியது. அவளுடைய பலம் முழுவதோடும் விரல் முட்டிகள் பம்பின் வார்ப்பு விளிம்பில் போய் மோதின. கண்ணில் பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தால் மூன்று விரலில் தோல் சுருண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

மிச்ச வேலையைத் துணியைச் சுற்றிக்கொண்டு முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் நீளக் கை வைத்த சட்டை ஒன்றை மாட்டி, நுனியை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருக்குச் சாப்பாடு ஊட்ட உட்கார்ந்தாள். மறைத்தால் மறைகிற இடமா அது? வாய்க்குப் பக்கத்தில் போகிற கை. இரண்டாவது வாய்க்கே அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினார்.

“என்... ன இது?”

“ஒண்ணும் இல்லைங்க. கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

அவர் காயத்தைப் பார்த்தார். இந்தக் காயம் எந்தக் கதவிலும் படாது என்று அவருக்குத் தெரியும். அதே இடத்தில் அவர் கையிலும் பழைய வடுக்கள் இருந்தன. “ராட்... செட்டு” என்றார். “எடு.”

அவள் பரணில் இருந்ததை எடுக்கவில்லை. பெட்டியில் இருந்த மலிவானதை எடுத்து வந்து கட்டில்மேல் வைத்தாள். அவர் ஒரு நொடி புரியாமல் விழித்தார். பிறகு எல்லாம் புரிந்துபோனது.

“என்னை மன்னிச்சிடுங்க. உங்களோடதை உடைச்சிட்டேன். குழாயைச் செருகி அழுத்தினேன்.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சாக்கெட்டை நெஞ்சின்மேல் வைத்து, விளங்காத கையின் விரல்களுக்கு நடுவில் அதை முட்டுக்கொடுத்து, இடது கையால் ராட்செட்டை மாட்டப் பார்த்தார். நழுவியது. அவள் உதவப் போனாள். வேண்டாம் என்று தலையாட்டினார். எத்தனையோ தடவை நழுவிய பிறகு மாட்டிவிட்டார். பின்னால் இழுத்தார். கடகடவென்ற சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். நோயாளி நெஞ்சைக் கேட்கிற டாக்டர் முகம்.

“மட்டம்” என்றார். “வேணாம். நல்லது... வாங்கு.”

“இப்போதைக்கு இது போதுங்க. நீங்க எழுந்து வந்து...”

“எழ... மாட்டேன்.”

வார்த்தை குழறாமல் வந்ததோ, அவள் காதுக்குத்தான் அப்படி விழுந்ததோ. அதுவரை அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. டாக்டர்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அவள் பதறிப்போய், “வாயைக் கழுவுங்க, என்ன பேச்சு இது!” என்றாள்.

அவர் அவளுடைய காயம்பட்ட விரலைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். போனில் படம் காட்டும்போது எந்தப் போல்ட் என்று காட்டுவாரே, அந்த மாதிரி. “நீதான்... இனிமே. கை... பத்திரம்.”

அவ்வளவு பேசியதே அவருக்கு மூச்சு வாங்கியது. சாப்பாடு தட்டிலேயே ஆறிப்போனது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

நல்ல ராட்செட்டை வாங்க இன்னொரு தடவை கடைக்குப் போனபோது கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கல்லாமேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்ததை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, நெடுநாள் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

விடுமுறை நாளில் வந்த நாத்தனார் அதை மேசைமேல் பார்த்துவிட்டாள். தூக்கிப் பார்த்தாள். சாமானைப் பற்றி ஒன்றும் தெரியாதவளுக்கும் அதன் கனத்தில் விலை தெரிந்தது.

“இவ்வளவு நல்லதா எதுக்கு?”

“தினமும் எடுக்கிறது. மலிவானது கையைப் பதம் பார்த்துடுச்சு.”

“தினமும்னா? எத்தனை வருஷத்துக்குத் திட்டம் போட்டிருக்கீங்க?” நாத்தனாரின் குரல் ஏறியது. “என் அண்ணனைக் கணக்குல இருந்தே கழிச்சுக் கட்டிட்டீங்கன்னு சொல்லுங்க. நான் ஒருத்தி பைத்தியக்காரி, வாரா வாரம் வந்து காலைத் தேய்ச்சிட்டுக் கிடக்கேன்.”

 அவரே சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி நீங்கியிருக்கும். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. தங்கைக்கு மிச்சமிருந்த ஒரே பிடிமானத்தைப் பிடுங்குவானேன் என்று, கொட்டிய வார்த்தையையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள்.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. “நான்... சொன்னேன்.”

நாத்தனார் திரும்பினாள். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தான்... வாங்கச்... சொன்னேன்” என்று இன்னொரு தடவை சொன்னார்.

 நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல அவர் காலை மடியில் எடுத்துப் போட்டுத் தைலக் குப்பியைத் திறந்தாள். தேய்த்தாள். அன்று கட்டை விரலைப் பற்றி எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

புது ராட்செட் சொன்ன சொல் கேட்டது. மூலைப் பம்பில் கையை அசைக்கக்கூட இடமில்லாத இடத்திலும் மெல்ல மெல்லக் கடித்து போல்ட்டைக் கொண்டுவந்தது. அவள் வேலையும் மாறியது. நாளைக்கு யாரோ வந்து சரிசெய்வார் என்று எதையும் விடவில்லை. தேய்ந்த பேரிங்கை அன்றே மாற்றினாள், கசிகிற இடத்தைப் பிரித்தே பார்த்தாள். கட்டடக்காரர்கள் திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. வீட்டில் அவர் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தார். கையில் வைத்துப் பிசையக் கொடுத்திருந்த ரப்பர் பந்து தலையணைக்குக் கீழே போய், அப்புறம் கட்டிலுக்குக் கீழே போனது. அவள் எடுத்து வைப்பாள். அது திரும்ப உருண்டு போகும். ஒரு கட்டத்தில் எடுத்து வைப்பதை அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்தது. அப்போது அவள் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், மாற்றிய பம்பை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். போனில், அன்று அண்ணனைப் பார்க்க வந்திருந்த நாத்தனார். “அண்ணி, அண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. டாக்டரைக் கூப்பிட்டாச்சு. வாங்க.”

“வரேன்” என்றாள்.

சொன்னாளே தவிர உடனே எழுந்திருக்கவில்லை. பாதி போல்ட் இறுகியிருந்தது, பாதி விரலால் சுற்றிவிட்டதோடு நின்றது. அப்படியே விட்டுப்போனால் யாராவது சுவிட்சைப் போடுவார்கள், தண்ணீர் பீய்ச்சி மோட்டார் எரிந்துபோகும். அவள் ராட்செட்டை மாட்டினாள். ஒன்றை முடித்து, எதிர்ப்பக்கத்தில் இருந்ததை முடித்து, மறுபடி இந்தப் பக்கம் வந்து, அவர் காட்டித்தந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் இறுக்கினாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. கிரீஸ் கையோடு வந்தவளைப் பார்த்தார். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டிருந்தது. நாத்தனார் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்துக்கொண்டாள். வழியில் மழை, வண்டி கிடைக்கவில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். மழை பெய்ததும் உண்மைதான்.

மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

வந்தவர்களெல்லாம் போன பிறகு நாத்தனார் மட்டும் கொஞ்ச நாள் கூட இருந்தாள்.  ஒருநாள் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு நாத்தனார் கேட்டாள்: “அன்னிக்கு நான் போன் பண்ணப்போ எங்கே இருந்தீங்க அண்ணி?”

“வேலையில.”

“முடிச்சிட்டுத்தான் வந்தீங்களா?”

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். “ஆமா.”

 “அண்ணனும் அப்படித்தான்” என்றாள் நாத்தனார். “எங்க அப்பா சாகக் கிடந்தப்போ ஒரு மோட்டாரை முடிச்சிட்டுத்தான் வந்தார். அதுக்காக நான் அவரோட ஒரு வருஷம் பேசலை.”

 போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்துக் காவலாளி. தயங்கித் தயங்கி, துக்க வீட்டில் கேட்கக் கூடாதுதான், ஆனாலும் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றான். நாத்தனார் எழுந்து தேநீர்க் குவளைகளைக் கழுவப் போனாள். அவள் கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுத்தாள்.